மூத்தாளுக்கு முதல் பூ

முத்துத்தாய்க்குக் கல்யாணமானபோது அவள் கழுத்தில் ஏறியது ஒரு தாலியல்ல, ஒன்றரைத் தாலி. புருஷன் தவசி கட்டிய தாலியோடு அதே கயிற்றில் ஒரு சின்னப் பொன் பொட்டும் தொங்கியது. அது அவனுடைய செத்துப்போன முதல் பெண்டாட்டி இருளாயிக்காக. மூத்தாள் பொட்டு என்பார்கள். இரண்டாம் தாரமாக வருகிறவள் அதைப் போட்டுக்கொள்ளாமல் படியேறினால் செத்தவள் சும்மா விடமாட்டாள் என்பது விளாங்குடிப் பக்கத்து நம்பிக்கை. உயிரோடு இருந்தவரை இருளாயிக்கு ஒழுங்காக ஒரு சேலை எடுத்துக் கொடுத்தார்களோ என்னவோ, செத்தபிறகு அவளுக்குக் கிடைத்த மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. நம் ஜனங்கள் அதில் கெட்டிக்காரர்கள்.

இருளாயி தலைச்சன் பிள்ளையை வயிற்றில் சுமந்தபடி, வலி எடுத்து, பிள்ளையும் வெளியே வராமல் போய்ச் சேர்ந்தவள். அப்படிச் செத்தவளுக்குச் சுமை இறங்காது, அலைவாள் என்று ஊரையொட்டிய வேலனேந்தல் கண்மாய்க் கரையில் அவள் பேரால் ஒரு சுமைதாங்கிக் கல் நட்டிருந்தார்கள். இரண்டு கல் நிற்க, மேலே ஒரு பலகைக் கல் படுத்திருக்கும். மதுரைக்குக் காய்கறி சுமந்து போகிறவர்கள் யார் துணையும் இல்லாமல் கூடையை அதில் இறக்கி வைத்து மூச்சு வாங்கிக்கொள்ளலாம். ஒவ்வொருவர் சுமை இறங்கும்போதும் அவளுடைய சுமையும் கொஞ்சம் இறங்குகிறது என்று கணக்கு.

முத்துத்தாய் ஒத்தக்கடைப் பக்கத்திலிருந்து வந்தவள். அப்பன் இல்லாத வீடு, செய்முறைக்கு வழியில்லை, அதனால் இரண்டாம் தாரம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதாம் வருஷம் வாக்கில் அவள் விளாங்குடிக்கு வந்த அன்றே தவசியின் அக்காள் சின்னத்தாய் அவளைக் கண்மாய்க் கரைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கல்லின் முன்னால் நிறுத்தினாள்.

"ஏத்தா, கேட்டுக்க. மூத்தவளுக்குக் காட்டாம நீ எதையும் தொடக்கூடாது. புதுச்சேலைன்னா ஒரு பொழுது இந்தக் கல்லு மேல கெடக்கணும். பூவுன்னா மொதக் கண்ணி அவளுக்கு, மிச்சந்தான் ஒனக்கு. வெளங்குச்சா?"

"வெளங்குச்சு மதினி."

"தலையாட்டுனா பத்தாது. கோவக்காரி அவ. இருக்கையிலயே யாருக்கும் விட்டுக்குடுக்க மாட்டா."

தவசியைக் குறை சொல்ல முடியாது. குடிக்க மாட்டான், கைநீட்ட மாட்டான், கரைக்குக் கீழே இருந்த கத்தரித் தோட்டம் உண்டு தான் உண்டு என்று கிடப்பான். ஒரே ஒரு விஷயம். இருளாயி என்ற பேர் அவன் வாயில் வராது. ஊரில் வேறு எந்த இருளாயியைச் சொல்வதானாலும் 'கம்மாய்க்கார வீட்டுப் பொம்பள', 'கருப்பன் மக' என்று சுற்றி வளைத்துச் சொல்வான். அம்புட்டு ஆசை அவள் மேல் வைத்திருந்தானாக்கும் என்று முத்துத்தாய் நினைத்துக்கொண்டாள். செத்தவளோடு சண்டை போட்டு ஜெயித்தவள் யார்? உயிரோடு இருப்பவளிடம் நாலு குறை கண்டுபிடிக்கலாம். செத்தவளிடம் என்னத்தைக் கண்டுபிடிப்பது?

முத்துத்தாய் தினம் விடிந்ததும் கத்தரிக்காய்க் கூடையோடு பட்டணத்துச் சந்தைக்கு நடப்பாள். போகிற வழியில் கூடையை அந்தக் கல்லில் இறக்கித்தான் ஆகவேண்டும். இறக்கும்போதெல்லாம் கூடையின் அந்தப் பக்கத்தை வேறு ஒரு கை வாங்கிப் பிடித்துக்கொள்வது மாதிரி அவளுக்குத் தோன்றும். பாரம் சட்டென்று குறைந்துவிடும். திரும்பத் தூக்கும்போது அந்தக் கை விடாது. இரண்டு தரம் இழுத்தால்தான் கூடை தலைக்கு வரும். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வேப்பிலை அடிக்க ஆள் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

முதல் பிள்ளை ஐந்தாம் மாசத்தில் கரைந்துபோனது. அதற்கடுத்தது பிறந்து, ஒரு தரம் அழுது, மறு தரம் அழவில்லை. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? மூத்தவள் கேட்கிறாள், தனக்குக் கிடைக்காதது இவளுக்கு மட்டும் கிடைக்க விடுவாளா என்று தண்ணீர்த் துறையில் அவள் காதுபடவே பேசினார்கள். இரண்டாவது பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த அன்றைக்குத் தவசி வாசலில் உட்கார்ந்து, "நாந்தான், நாந்தான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தான். என்ன 'நாந்தான்' என்று அவள் கேட்கவில்லை. அவளுக்கு அப்போது எதையும் கேட்கத் தெம்பில்லை.

இந்தச் சமயத்தில்தான் கண்மாய்க் கரைக்கு ஒரு யோகம் வந்தது. பெரிய மனிதர் யாருக்கோ அந்த இடம் பிடித்துப்போய், கரையோரத்துப் புங்கந்தோப்பைச் சுற்றிக் கம்பி வேலி போட்டு, நாலு சிமெண்டுப் பெஞ்சு கட்டி, 'பூங்கா' என்று ஒரு பலகையும் நட்டுவிட்டார்கள். சுமைதாங்கிக் கல் வேலிக்கு உள்ளே மாட்டிக்கொண்டது. கூடைக்காரிகள் போக ஒரு சந்து மட்டும் விட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டணத்திலிருந்து குதிரை வண்டியிலும் சைக்கிளிலும் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். வந்தவர்கள் இருளாயியின் கல்லில் தூக்குச்சட்டியை வைத்துப் புளியோதரை பரிமாறினார்கள்.

மாசி பிறந்தால் கூட்டம் இன்னும் அதிகம். ஐப்பசி மழையில் நிறைந்த கண்மாய் அதற்குள் பாதிக்கு வற்றி, தண்ணீர் பின்வாங்கிய இடமெல்லாம் பூவாகக் கிடக்கும். தும்பை வெள்ளை, நெருஞ்சி மஞ்சள், கொழுஞ்சி ஊதா. தரையோடு தரையாக விஷ்ணுகிரந்தி, பொட்டுப் பொட்டாக நீலம். ஈரம் காயாத ஓரங்களில் முள்ளுக்கு நடுவே நீர்முள்ளி. இதைப் பார்க்கத்தான் வருகிறார்கள் என்று தெரிந்தபோது முத்துத்தாய்க்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஆடு கடிக்கிற செடியைப் பார்க்க வில்வண்டி கட்டிக்கொண்டு வருவார்களா? ஆனாலும் அவளுக்கென்ன, கடலை அவித்துக் கூடையில் எடுத்துக்கொண்டு போய்ப் புங்கமரத்தடியில் உட்கார்ந்தால் சாயங்காலத்துக்குள் கூடை காலி.

அப்படி வந்தவர்களில் ஒருத்தி விக்டோரியா டீச்சர். பட்டணத்தில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேலை. முப்பது வயசிருக்கும், கல்யாணம் செய்துகொள்ளவில்லை, எதைச் சொன்னாலும் சிரித்துக்கொண்டே சொல்வாள். மாசிதோறும் இருபது பெண்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து, செடி செடியாகக் குனிய வைத்து, இதழ் எத்தனை என்று எண்ணச் சொல்வாள். மூன்று வருஷப் பழக்கத்தில் முத்துத்தாயோடு அவளுக்குச் சிநேகம் ஒட்டிக்கொண்டது. கடலையை மடியில் வாங்கி வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுவாள்.

முப்பத்தேழாம் வருஷம் மாசியில் முத்துத்தாய் மறுபடி மூன்று மாசம். யாரிடமும் வாய் திறக்கவில்லை, வீட்டில் மட்டும் தெரியும். டீச்சர் எப்படியோ முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள்.

"முத்து, இங்க வா. இப்படி உட்காரு."

"வேணாம் டீச்சரம்மா. கடலை ஆறிப்போகும்."

"ஆறட்டும். தலையைக் கொஞ்சம் திருப்பு."

தலையில் பூச்சி ஏதோ ஏறிவிட்டது என்று நினைத்து முத்துத்தாய் திரும்பிக் கொடுத்தாள். பெண்பிள்ளைகள் தும்பையையும் விஷ்ணுகிரந்தியையும் நாரில் சேர்த்துக் கட்டி வைத்திருந்ததை டீச்சர் அவள் கொண்டையில் செருகிவிட்டாள். பிள்ளைகள் கைதட்டின. "இம்புட்டு அழக எங்கக்கா ஒளிச்சு வச்சிருந்தீக?" என்று ஒருத்தி கேட்டாள். முத்துத்தாய் தண்ணீரில் எட்டிப் பார்த்தாள். வெள்ளையும் நீலமுமாகக் கறுத்த முடிக்கு நன்றாகத்தான் இருந்தது.

அந்தக் கணமே அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது. மறந்துபோய் வைத்துக்கொண்டாள் என்று பிற்பாடு ஊரில் சொன்னார்கள். மறக்கவில்லை. மூத்தாளுக்கு வைக்கவில்லை என்று நெஞ்சில் சுருக்கென்றது, கை கொண்டைக்குப் போயும்விட்டது. ஆனால் எடுக்கவில்லை. ஏழு வருஷமாக எது வந்தாலும் இன்னொருத்தி தொட்டுக் கொடுத்த மிச்சமாகவே வந்தது. தாலிகூடப் பங்குதான். ஒரே ஒரு நாள், ஒரே ஒரு பூ, தனக்கே தனக்கென்று இருந்துவிட்டுப் போகட்டுமே என்று அவளுக்கு ஆசையாக இருந்தது. அதிலும் கெட்ட நேரம், அந்தப் பூ அம்புட்டும் இருளாயியின் கல்லடியில் பறித்தது.

சுள்ளிக் கட்டோடு வந்த சின்னத்தாய் அவளை அந்தக் கோலத்தில் பார்த்துவிட்டாள். கட்டு தொப்பென்று கீழே விழுந்தது.

"அடிப் பாவி! அவ காலடிப் பூவப் பறிச்சு, அவளுக்கு முந்தி நீ வச்சுக்கிட்டியா? வயித்துல ஒண்ண வச்சுக்கிட்டு இந்த வேலை பண்ணுவியாடி? ரெண்டு போனது பத்தாதா ஒனக்கு?"

டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை. "பூ வெச்சது நான்தாம்மா. அதுக்கா இவ்வளவு சத்தம்?" என்றாள். விஷயத்தை முத்துத்தாய் தட்டுத்தடுமாறிச் சொன்னபோது டீச்சரின் முகத்தில் சிரிப்புப் போய்விட்டது. "தப்புன்னா அது என் மேல வரட்டும் முத்து. உன் மேல ஏன் வரணும்?"

"ஒங்க மேல வராது டீச்சரம்மா. நீங்க வேதக்காரவுக. ஒங்கள அவளுக்குத் தெரியாதுல்ல."

அன்றைக்குச் சாயங்காலமே அடிவயிறு வலிக்க ஆரம்பித்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நாம் சொல்லிவிடலாம். வலிப்பது நம் வயிறு இல்லையே. மறுநாள் உச்சிப்பொழுதில், ஆள் நடமாட்டம் அற்ற வேளையில், பிள்ளைத்தாய்ச்சிகள் கரைப் பக்கமே போகக்கூடாத நேரத்தில், முத்துத்தாய் தனியாகக் கல்லின் முன்னால் போய் நின்றாள். காற்றில்லை. புங்கமரத்தில் ஒரு இலை அசையவில்லை. கல் மட்டும் சுட்டது. பூவை மடியிலிருந்து எடுத்து அதன் மேல் வைத்தாள். ஒரு நாள் வாடிய பூ.

"ஏக்கா," என்றாள். "பொய் சொல்ல மாட்டேன். ஆசையாத்தான் வச்சேன். தெரிஞ்சேதான் வச்சேன். அதுக்கு என்னைய என்ன வேணாலும் பண்ணு. இந்தப் பிள்ளைய மட்டும் குடுத்துரு. ஒம் பேர வைக்கிறேன். ஒம் பேரச் சொல்ல அந்த வீட்டுல நாதி இல்லாமப் போச்சுல்ல? நித்தமும் வாய் நெறையக் கூப்பிடுறேன். இது சத்தியம்க்கா."

சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. எழுந்தபோது வலி நின்றிருந்தது. வெயிலில் மயங்கி வலி தெரியாமல் போயிருக்கும் என்று டீச்சர் பிறகு சொல்லிப் பார்த்தாள்.

ஆவணியில் பெண் பிறந்தது. ஒரு தரம் அழுதது, இரண்டாம் தரமும் அழுதது, ஊரே கேட்கும்படி விடிய விடிய அழுதது. பேர் வைக்கிற நாளில் அவள் தன் வேண்டுதலைச் சொன்னாள். தவசி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனான். பொழுது சாயும்போது திரும்பி வந்து, "வச்சுக்க," என்று மட்டும் சொன்னான். இருளாயி என்று பிள்ளையின் காதில் மூன்று தரம் சொல்லிச் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைத்தார்கள்.

பேர் வைத்தாயிற்று. கூப்பிடத்தான் முடியவில்லை. சின்னத்தாய் உடனே சட்டம் போட்டுவிட்டாள்: "செத்தவ பேரு வச்சிருக்கு. அந்தப் பேரச் சொல்லி வையக்கூடாது, அந்தப் பேருக்காரிய அடிக்கக்கூடாது. அவளையே அடிச்ச மாதிரி." பிள்ளை வளர்க்கிறவளுக்கு இது ஆகிற காரியமா? வாயைத் திறந்தால் வசவுதானே முதலில் வரும். அது போகட்டும் என்றால், முதல்முறை வாய் நிறைய "இருளாயி" என்று கூப்பிட்டபோது தவசி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கையில் எடுத்த கவளத்தை வட்டிலிலேயே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான். அவன் முகத்தைப் பார்த்த பிறகு முத்துத்தாய்க்கு நாக்கு எழவில்லை. தெருவில் எல்லாப் பிள்ளைகளையும் கூப்பிடுகிற மாதிரி 'ஏ பிள்ள' என்று கூப்பிட ஆரம்பித்தாள். வீடும் தெருவும் அப்படியே கூப்பிட்டது. தனக்கென்று தனியாக ஒரு பேர் உண்டு என்பதே அந்தப் பிள்ளைக்குத் தெரியாமல் போனது.

கொடுத்த வாக்கு என்னாயிற்று என்று கல் கேட்டுக்கொண்டே இருந்தது. கல் எங்கே கேட்கும் என்பீர்கள். விடியற்காலையில் கூடையை இறக்குகிறவளுக்கு அல்லவா தெரியும்! இப்போது அந்தப் பக்கத்துக் கை வாங்கிக்கொள்வதே இல்லை. கூடையை இறக்கி வைத்தாலும் பாரம் அவள் கழுத்திலேயே நின்றது. சந்தையில் நிற்கும்போது, கொடுத்த பிள்ளையைத் திருப்பி எடுத்துக்கொள்ள மூத்தவளுக்கு எம்புட்டு நேரமாகும் என்று திடுக்கென்று தோன்றும். பாதிக் காயை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டு வீட்டுக்கு ஓடிவருவாள்.

பிள்ளையும் மற்றப் பிள்ளைகள் மாதிரி இல்லை. சத்தமே இருக்காது. நடக்கத் தெரிந்த நாளிலிருந்து கண்மாய்க் கரைதான். யாரும் சொல்லிக் கொடுக்காமலே பூவைப் பறித்துக்கொண்டு வந்து சுமைதாங்கியின் காலடியில் வைக்கும். அதன் நிழலில் உட்கார்ந்து வாய்க்குள்ளேயே ஏதோ பேசும். "நடையப் பாரு, தலைய ஒருக்களிச்சு வச்சுக்கிட்டுப் பாக்குறதப் பாரு, அவளேதான்," என்பாள் சின்னத்தாய். நான் பெற்ற பிள்ளைக்கு அவள் நடை எப்படி வரும் என்று முத்துத்தாய்க்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். கோபம் ஆறியதும், உண்மையாக இருக்குமோ என்று பிள்ளையையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

எல்லாவற்றையும்விட அவளைத் தின்றது தவசிதான். பெற்ற பிள்ளையை அவன் ஒருநாள், ஒருபொழுது தூக்கியதில்லை. "அப்பா" என்று கையை நீட்டிக்கொண்டு அது ஓடிவந்தால் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு இறங்கிவிடுவான். "ஒரு தரம் தூக்குங்களேன், என்ன கொறஞ்சு போகுது?" என்று அவள் கெஞ்சினால், "வேல கெடக்கு," என்பான். அந்தப் பேரைக் கேட்டாலே அவனுக்கு முதல் பெண்டாட்டி ஞாபகம் வருகிறது, அதனால் பிள்ளையைப் பிடிக்காமல் போய்விட்டது என்று முத்துத்தாய் முடிவுகட்டிக்கொண்டாள். தன் வாயால் சத்தியம் பண்ணித் தன் பிள்ளைக்கே அப்பனில்லாமல் செய்துவிட்டோம் என்று முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுவாள்.

நாற்பத்திரண்டாம் வருஷம், சண்டைக் காலம். சீமெண்ணெய்க்கும் அரிசிக்கும் ஜனங்கள் அலைந்தார்கள். அப்படியும் பங்குனியில் விக்டோரியா டீச்சர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பூப் பார்க்க வந்துவிட்டாள். அந்த வருஷம் பூ ஏராளம். தண்ணீர் வெகுதூரம் உள்ளே போய்விட்டது. செங்கல் சூளைக்காரர்கள் மண் எடுத்த பெரிய பள்ளம் ஒன்று கண்மாய்க்குள் இருந்தது. மேலே வெயிலில் காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக் கெட்டித் தரை மாதிரி இருக்கும். கீழே ஆள் உயரத்துக்கு உளைச் சேறு. போன வருஷம் ஒரு எருமை அதில் இறங்கி, கயிறு கட்டி இழுத்தும் ஏறவில்லை. அதன் அந்தப் பக்கத்து ஓரம் முழுக்க நீர்முள்ளி பூத்துக் கிடந்தது.

முத்துத்தாய் கடலைக்கு உழக்கு அளந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். பிள்ளை பள்ளத்துக்கு நேராகப் போய்க்கொண்டிருந்தது. கையில் பூ. நீர்முள்ளியைப் பார்த்தபடி, அவசரமில்லாமல், தலையை ஒருக்களித்துக்கொண்டு.

"ஏ பிள்ள!" என்று அலறினாள். "ஏ பிள்ள, நில்லு!"

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அத்தனையும் திரும்பிப் பார்த்தன. அது மட்டும் பார்க்கவில்லை. கரை முழுக்கப் பிள்ளைகள் இருக்கும்போது யாரோ எந்தப் பிள்ளையையோ கூப்பிடுகிறார்கள் என்று அது போய்க்கொண்டே இருந்தது. டீச்சர் செருப்பை உதறிவிட்டு ஓடினாள். சின்னத்தாய், "ஏ பிள்ள, ஏ பிள்ள" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். முத்துத்தாய் வாயைத் திறந்தாள். அந்தப் பேர் தொண்டையில் வந்து நின்றது. ஐந்து வருஷம் கூப்பிடாத பேர், கூப்பிட்டால் யார் திரும்புவார்கள் என்ற பயம். சத்தம் வரவில்லை. கால் மட்டும் ஓடியது.

அப்போதுதான் தோட்டத்திலிருந்து கரைக்கு ஏறினான் தவசி. ஒரு பார்வையில் எல்லாம் விளங்கிவிட்டது அவனுக்கு. அவன் பிள்ளைப் பக்கம் திரும்பவில்லை. கல்லைப் பார்த்துத் திரும்பினான்.

"இருளாயீ!"

அந்த ஊர் கேட்டிராத சத்தம் அது. புங்கமரத்துப் பறவையெல்லாம் எழும்பிவிட்டது.

"இருளாயீ! விட்டுரு! என்னைய எடுத்துக்க, எம் பிள்ளைய விட்டுரு ஆத்தா!"

பிள்ளை நின்றது. பேருக்காக நிற்கவில்லை. அப்பன் அழுகிற சத்தத்தை அது அதுவரை கேட்டதில்லை. யாரைப் பார்த்து அப்பன் இப்படிக் கத்துகிறான் என்று திரும்பிப் பார்த்தது. அதன் ஒரு கால் காய்ந்த பாளத்தின் மேல் இருந்தது, பாளம் பிளந்து கணுக்கால் வரை உள்ளே போயிருந்தது. தவசி கரையிலிருந்து குதித்து ஓடி, மற்றவர்களை முந்திக்கொண்டு, முட்டளவு சேற்றில் இறங்கிப் பிள்ளையைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தான். வந்தவன் புல்லில் உட்கார்ந்துவிட்டான். கீழே இறக்கச் சொல்லி டீச்சர் கேட்டும் இறக்கவில்லை. பிள்ளையின் சேற்றுக் காலைத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு தேம்பினான்.

முத்துத்தாய் எதிரே நின்று பார்த்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

"இம்புட்டுப் பாசத்த எங்கய்யா வச்சிருந்தீக? அஞ்சு வருசமா இந்தப் பிள்ள ஒங்க காலச் சுத்திச் சுத்தி வந்துச்சே?"

தவசி பிள்ளையை இன்னும் இறுக்கிக்கொண்டான். பிறகு கல்லின் காதில் விழக்கூடாது என்கிற மாதிரி மெதுவாகச் சொன்னான். "மொதப் பிள்ளைக்கு வயித்துல காத வச்சுக் கேட்டேன். ரெண்டாவது பிள்ளைக்குத் தொட்டிக்குக் கம்பு வெட்டிட்டு வந்தேன். ரெண்டும் போச்சு. நான் ஆசப்பட்டதுனாலதான் அவ எடுத்தா. இதையும் தூக்குனா அவ கண்ணுல படும்ல? எனக்கும் இதுக்கும் ஒட்டில்லேன்னு அவ நெனச்சுக்கட்டும்னு இருந்தேன். அவ பேரச் சொன்னாத் திரும்பிப் பாப்பாளேன்னு அதையும் சொல்லல."

"ஆசையில சொல்லலேன்னுல்ல நான் நெனச்சேன்."

"ஆசையா? பயம்டி. பயம்."

முத்துத்தாய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். செத்தவளுக்குப் பயந்து ஒருவன் பிள்ளையைத் தொடாமல் நடித்திருக்கிறான். அவனுக்கு வலிக்குமே என்று ஒருத்தி பேரை விழுங்கியிருக்கிறாள். ஒரே பாயில் படுத்தவர்கள், ஒரே சட்டியில் சாப்பிட்டவர்கள், ஒரு வார்த்தை பேசியிருந்தால் தீர்ந்திருக்கும். தங்கள் இருவர் மேலும் அவளுக்கு வந்த ஆத்திரத்தில், கல்லுக்குள் இருப்பவள் மேல் அன்றைக்கு அவளுக்குப் பயமே தோன்றவில்லை. பாவம், நடுவில் அவளும்தானே கூப்பிட ஆளில்லாமல் கிடந்தாள் என்று தோன்றியது. இப்போதுதான் முத்துத்தாய்க்குக் கண் கலங்கியது.

பிள்ளை அப்பன் தோளிலிருந்து இறங்காமலே கேட்டது. "அப்பா, யாரக் கூப்பிட்டீக?"

முத்துத்தாய் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள், டீச்சர், பெண்பிள்ளைகள், வாயில் முந்தானையோடு சின்னத்தாய். அத்தனை பேர் நடுவில், கண்மாய் முழுக்கக் கேட்கும்படி முத்துத்தாய் கூப்பிட்டாள்.

"இருளாயி!"

பிள்ளை கழுத்தைத் திருப்பிக் கல்லைப் பார்த்தது. அங்கிருந்து யாரோ ஏன் என்று கேட்கப் போகிறார்கள் என்று காத்திருந்தது. முத்துத்தாயும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

யாரும் கேட்கவில்லை.

"ஏ இருளாயி," என்றாள் மறுபடி, பிள்ளையின் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி. "ஒன்னையத்தாண்டி."

பிள்ளை இன்னும் ஒரு தரம் கல்லை எட்டிப் பார்த்துவிட்டு, அனுமதி கேட்கிற குரலில், "என்னாத்தா?" என்றது.